ஒரே ஆள், நாலு மெயில் ஐடி: எதை எந்த கார்டில் வைப்பது?

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று தேனி மாவட்டத்திலிருந்து எந்தச் சாலையில் ஏறினாலும் மேலே கேரளா, கீழே தமிழ்நாடு. ஏலக்காய் வியாபாரம் செய்பவருக்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கும். மேலே குமுளியிலோ வண்டன்மேட்டிலோ ஒரு கடை, கீழே போடியில் ஒரு குடோன். ஸ்பைசஸ் போர்டின் ஏலமும் மேலே புத்தடி, கீழே போடி என்று இரண்டு இடத்தில் நடக்கிறது. முதலாளி ஒருவர்தான், பான் எண்ணும் ஒன்றுதான். ஆனால் ஜிஎஸ்டி எண் இரண்டு: கேரளப் பதிவு 32 என்று தொடங்கும், தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். மெயில் ஐடியோ குறைந்தது நாலு. சொந்த ஜிமெயில் ஒன்று, குமுளிக் கடையின் கணக்குப் பிரிவுக்கு ஒன்று, போடி குடோனுக்கு ஒன்று, ரெடிஃப்மெயில் காலத்தில் தொடங்கி இன்னும் மூடாத பழையது ஒன்று. பையன் கொச்சியிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு கணக்குப் பார்த்தால் அவன் ஐடி ஐந்தாவது.

இந்த ஐந்தையும் ஒரே காண்டாக்ட் கார்டில் போட்டு வைத்திருப்பவர்கள்தான் அதிகம். பில் அனுப்ப உட்கார்ந்து பெயரில் இரண்டெழுத்து தட்டினால் புரோகிராமே ஒரு முகவரியை நிரப்பிவிடும், நாமும் என்டரைத் தட்டிவிடுவோம். 33 பதிவுக்குப் போட்ட பில் குமுளிக் கணக்குப் பிள்ளையின் பெட்டியில் போய் விழும். விற்றவர் மாதா மாதம் தாக்கல் செய்பவர் என்றால் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைப் போட்டுவிடுவார். 14ஆம் தேதி வாங்கியவரின் 2பி-யில், அதாவது அவர் வாங்கிய பில்களை ஜிஎஸ்டி தளமே தொகுத்துக் காட்டும் பட்டியலில், அந்த பில் வந்து நிற்கும். போடி குடோனில் இருப்பவரோ, "எங்களுக்கு இப்படி ஒரு பில்லே வரலையே" என்பார். பில் போன இடம் தெரிந்தால் அஞ்சு நிமிட வேலை. தெரியாவிட்டால் ஆடிட்டர் ஆபீஸ் வரை போகும்.

ஐடி ஆளுடையதா, நாற்காலியுடையதா?

எந்த புரோகிராமைப் பயன்படுத்தினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நாளைக்கு அந்த ஆள் வேலையை விட்டுப் போனால், இந்த ஐடி அவரோடு போகுமா, அங்கேயே இருக்குமா?

போகும் என்றால் அது ஆளின் ஐடி, அவர் கார்டில் வையுங்கள். அங்கேயே இருக்கும் என்றால் அது அந்தப் பொறுப்பின் ஐடி. அதற்குத் தனி கார்டு போடுங்கள், ஆள் பெயரை அதில் எழுதாதீர்கள்.

இப்படிப் பிரித்தால் மேலே சொன்ன வியாபாரிக்கு மூன்று கார்டு வரும். ஒன்று அவர் பெயரில். அதில் ஜிமெயிலும் பழைய ரெடிஃப்மெயிலும் இருக்கும், செல் நம்பர் இருக்கும். இரண்டாவது, கடைப் பெயரோடு "குமுளி பில் 32". மூன்றாவது, அதே கடைப் பெயரோடு "போடி பில் 33". பின்னிரண்டிலும் ஐடி ஒன்றே ஒன்று. ஜிஎஸ்டி எண்ணை முழுதாகக் குறிப்புப் பகுதியில் எழுதிவையுங்கள். பையனுக்குத் தனி கார்டு. அவன் அப்பாவின் கார்டில் ஐந்தாவது ஐடியாகத் தொங்கக் கூடாது.

"ஒரு ஆளுக்கு ஒரு கார்டு" என்றுதான் பல இடங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். உறவினர், நண்பர்களுக்கு அது சரி. பில், ஏல லாட் விவரம், ஒப்பந்தம் என்று தாள் போகிற இடத்துக்கு அது ஒத்துவராது. மெயில் புரோகிராமுக்கு முதலாளியையும் கணக்குப் பிள்ளையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரே கார்டில் இருந்தால் அதற்கு எல்லாம் ஒரே ஆள்தான்.

தண்டர்பேர்டில்

தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமில் 2022-இல் வந்த 102ஆம் பதிப்புக்கு முன்பு ஒரு கார்டுக்கு இரண்டு மெயில் ஐடிதான் வைக்க முடியும். மூன்றாவதை வைக்க இடமில்லாமல் பலர் அதைக் குறிப்புப் பகுதியில் எழுதி வைத்தார்கள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து வந்த அட்ரஸ் புக் என்றால் அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள், ஐடிகள் ஒளிந்திருக்கும். குறிப்பில் இருக்கும் ஐடியை, மடல் எழுதும்போது பெறுபவர் முகவரியைத் தட்டும் டூ (To) பெட்டி காட்டாது.

இப்போது எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். அட்ரஸ் புக்கைத் திறந்து, ஆளைத் தேர்ந்து, எடிட் கொடுத்தால் ஒவ்வொரு ஐடிக்கும் பக்கத்தில் வீடா, வேலையா என்று தேர்ந்தெடுக்கலாம். ஒன்றுக்கு மேல் ஐடி இருந்தால் டீஃபால்ட் எது என்று குறிக்கவும் இடம் வரும். இந்த டீஃபால்டை மேம்போக்காகக் குறித்துவிட்டுப் போகக் கூடாது. பெயரைத் தட்டும்போது முதலில் வருவது அதுதான். மெயிலிங் லிஸ்டில் அந்த ஆளைச் சேர்த்திருந்தால் லிஸ்டுக்கு அனுப்பும் மடல் போவதும் அதற்குத்தான்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. லிஸ்ட் என்பது ஐடிகளின் பட்டியல் போலத் தெரிந்தாலும் உள்ளே அது கார்டுகளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. போன மாதம் "வார விலை" என்று ஒரு லிஸ்ட் போட்டிருப்பீர்கள். இந்த மாதம் வேறு எதற்காகவோ ஒருவரின் டீஃபால்டை மாற்றுவீர்கள். அடுத்த வார விலை மடல் சத்தமில்லாமல் புது ஐடிக்குப் போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே லிஸ்டில் ஆள் கார்டைச் சேர்க்காமல் பொறுப்பு கார்டைச் சேர்ப்பது நல்லது. பொறுப்பு கார்டில் ஐடி ஒன்றுதான் இருக்கும், டீஃபால்ட் மாறிப்போகிற பேச்சே இல்லை.

இன்னொன்று. தண்டர்பேர்டின் செட்டிங்கில், அட்ரஸ் புக்கில் இருப்பவர்களுக்குப் பெயரை மட்டும் காட்டு என்று ஒரு வசதி உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஒரே ஆளுக்குப் பல ஐடி இருக்கும் அட்ரஸ் புக்கில் இதை அணைத்தே வையுங்கள். பெயர் மட்டும் தெரிந்தால் மடல் ஜிமெயிலிலிருந்து வந்ததா, கடை ஐடியிலிருந்து வந்ததா என்று தெரியாமல் ரிப்ளை அடித்துவிடுவோம். பில்லோ பணமோ சம்பந்தப்பட்ட கம்ப்யூட்டரில் முகவரி எப்போதும் கண்ணில் பட வேண்டும்.

அவுட்லுக்கில்

டெஸ்க்டாப்பில் பல வருடமாக இருக்கும் பழைய அவுட்லுக்கில் ஒரு கார்டுக்கு மூன்று ஐடிதான் வைக்கலாம். அதற்கு ஈடாக நல்ல வசதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஐடியின் கீழும் "டிஸ்ப்ளே ஆஸ்" என்று ஒரு கட்டம் வரும். ஒன்றும் செய்யாமல் விட்டால் பெயரும் ஐடியும் சேர்ந்து அதில் உட்காரும். அதை அழித்துவிட்டு, முதல் ஐடிக்கு "குமுளி பில்", இரண்டாவதற்கு "போடி பில்", மூன்றாவதற்கு ஆளின் பெயர் என்று எழுதினால் டூ பெட்டியில் மூன்றும் தனித்தனியாகப் படிக்கக் கிடைக்கும். தனி கார்டு போட மனமில்லாதவர்களுக்கு இது போதும். கார்டில் ஃபேக்ஸ் எண் இருந்தால் அதுவும் ஒரு முகவரியாக அவுட்லுக்கின் அட்ரஸ் புக்கில் வந்து நிற்கும். இப்போது யாரும் ஃபேக்ஸ் அனுப்புவதில்லை, அந்த எண்களை நீக்கிவிடலாம்.

பெயர் உங்களுக்கு மட்டும் தெரிவதில்லை

டிஸ்ப்ளே பெயரில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கார்டில் வைத்த பெயர் மடலின் டூ வரியில் ஐடியோடு சேர்ந்தே வெளியே போகும். வாங்குபவருக்குத் தெரியும், சிசி-யில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். "குமுளி சேட்டன் பாக்கி இழுப்பார்" என்று கார்டில் பெயர் வைத்தால் அந்தச் சேட்டனே அதைப் படிப்பார். இந்தச் செய்தியெல்லாம் குறிப்புப் பகுதியில் இருக்கட்டும், அது வெளியே போகாது. பெயரில் ஊரும் வேலையும் மட்டும் போதும்.

பெயரைப் பற்றிச் சொல்லும்போது எல்லைப் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் பக்கம் இனிஷியல் முன்னால் வரும். மேலே பலருக்குப் பின்னால் வரும், வீட்டுப் பெயரும் சேர்ந்துகொள்ளும். அதே ஆளை ஒருவர் வீட்டுப் பெயரில் பதிவார், இன்னொருவர் இனிஷியலோடு பதிவார், மூன்றாமவர் "வண்டன்மேடு சேட்டன்" என்று பதிவார். தமிழில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று, கேரளத்துப் போனிலிருந்து வந்த மலையாள எழுத்தில் ஒன்று என்று மூன்று கார்டு சேர்ந்துவிடும். பெயரை வைத்து இரட்டிப்பைக் கண்டுபிடிக்கிற எந்தக் கருவியும் இங்கே உதவாது. ஐடியை வைத்தும் செல் நம்பரை வைத்தும்தான் பிடிக்க வேண்டும். டிஸ்ப்ளே பெயருக்கு ஒரே எழுத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். தண்டர்பேர்டில் நிக்நேம் கட்டத்தில் மற்ற எழுத்து வடிவத்தை வைக்கலாம். டூ பெட்டியில் அதைத் தட்டினாலும் ஆள் வருவார்.

ஜிமெயில் ஐடிகளை ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஜிமெயில் பெயர்ப் பகுதியில் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை. இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்ததும் வைக்காததும் ஒரே பெட்டிதான், இரண்டில் ஒன்றை அழித்துவிடலாம். சொந்த டொமைனில் இருக்கும் கம்பெனி ஐடிகளுக்கு இது பொருந்தாது, அங்கே புள்ளி மாறினால் ஆள் மாறலாம். காம் என்பதற்குக் கான் என்று தட்டியது, காம்-க்கும் கோ டாட் இன்-க்கும் குழம்பியது போன்றவற்றையும் இந்தச் சுற்றிலேயே பிடித்துவிடுங்கள்.

திருத்திய பிறகும் பழைய ஐடியே வருகிறதே?

அடிக்கடி காதில் விழும் புகார் இதுதான். கார்டில் பழைய ஐடியை அழித்து, புதியதை எழுதி, சேவ் செய்தாயிற்று. மறுநாள் பெயரைத் தட்டினால் பழையதே முதலில் நிற்கிறது. புரோகிராம் கெட்டுப்போய்விட்டது என்று சிலர் திரும்ப இன்ஸ்டால் செய்கிறார்கள். புரோகிராமில் ஒரு கோளாறும் இல்லை. டூ பெட்டியில் வரும் பரிந்துரைகள் உங்கள் காண்டாக்ட் கார்டிலிருந்து மட்டும் வருவதில்லை. புரோகிராம் தனக்கென்று வேறொரு ஞாபகம் வைத்திருக்கிறது. நீங்கள் துடைத்தது கார்டை, அதன் ஞாபகத்தை அல்ல.

பழைய அவுட்லுக்கில் அந்த ஞாபகத்துக்கு ஆட்டோ-கம்ப்ளீட் லிஸ்ட் என்று பெயர். நீங்கள் எப்போதோ மடல் அனுப்பிய முகவரிகளை அது சேர்த்து வைத்திருக்கும். காண்டாக்டை அழித்தாலும் அது அழியாது. புது மடல் திறந்து பெயரைத் தட்டுங்கள். பரிந்துரையில் பழைய ஐடி வந்ததும் அதன் வலது ஓரத்தில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்துங்கள். அல்லது கீழ் அம்புக்குறியால் அதில் நின்று டெலீட் தட்டுங்கள். மொத்தமாகத் துடைக்க ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போய், "எம்ப்டி ஆட்டோ-கம்ப்ளீட் லிஸ்ட்" பட்டனை அழுத்தலாம். அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். எத்தனையோ பேரைக் கார்டில் பதியாமலே அந்த ஞாபகத்தை நம்பி அனுப்பிக்கொண்டிருந்திருப்பீர்கள். துடைத்தால் அவர்களும் போய்விடுவார்கள். ஒவ்வொன்றாக நீக்குவதே மேல்.

தண்டர்பேர்டில் இதற்கு "கலெக்டட் அட்ரஸஸ்" என்று தனிப் புத்தகமே இருக்கிறது. நீங்கள் யாருக்கு மடல் அனுப்பினாலும், அந்த ஐடி உங்கள் புத்தகத்தில் இல்லாவிட்டால், தானாக இதில் போய்ச் சேரும். அடிக்கடி பயன்படுத்திய கார்டு மேலே வரும். மூன்று வருடமாக பில் அனுப்பிய ஐடி, நேற்றுச் சேர்த்த ஐடியை எளிதில் முந்திவிடும். ஆகவே ஒருவரின் ஐடி மாறினால் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். உங்கள் புத்தகத்தில் திருத்துங்கள், பிறகு கலெக்டட் அட்ரஸஸில் பழையதைத் தேடி நீக்குங்கள். பில் போடும் கம்ப்யூட்டரில் இந்தத் தானியங்கிச் சேர்ப்பையே நிறுத்திவிடலாம். செட்டிங்ஸில் கம்போசிஷன் பகுதியில், அட்ரஸிங் என்பதன் கீழ், அனுப்பும் ஐடிகளைத் தானாகச் சேர் என்ற டிக்கை எடுத்துவிட்டால் போதும். வீட்டு லேப்டாப்பில் அது இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே அதனால் கெடுதல் குறைவு.

ஜிமெயிலில் அதே வேலையை "அதர் காண்டாக்ட்ஸ்" செய்கிறது. கூகுள் காண்டாக்ட்ஸின் இடது பக்கப் பட்டியலில் அது இருக்கும். பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள், திறந்தால் நூற்றுக்கணக்கில் கிடக்கும். பழைய ஐடியை அங்கேயும் நீக்க வேண்டும். ஜிமெயிலின் செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் தானாகச் சேர்க்காதே, நானே சேர்த்துக்கொள்கிறேன் என்று மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

கூகுளின் மெர்ஜ்

கூகுள் காண்டாக்ட்ஸில் "மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்" அழுத்தினால், இவர்களெல்லாம் ஒரே ஆள் போலத் தெரிகிறது, சேர்க்கட்டுமா என்று கேட்கும். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் சேர்க்கிற பட்டனும் இருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள்.

காரணம் நம் ஊர் வழக்கம். ஒரு கடைக்கு ஒரு போன். அப்பா, மகன், கணக்குப் பிள்ளை மூவரின் கார்டிலும் அதே எண். கணவனும் மனைவியும் ஒரே மெயில் ஐடி வைத்திருக்கும் வீடுகளும் நிறைய. ஒரே எண்ணோ ஐடியோ இருந்தால் ஒரே ஆள் என்று சொல்ல கூகுளுக்கு அது போதும். சேர்த்த பிறகு அப்பாவின் கார்டில் மகனின் ஐடி உட்கார்ந்திருக்கும், மகன் காணாமல் போயிருப்பான். நாம் பாடுபட்டுப் பிரித்த "குமுளி பில் 32", "போடி பில் 33" இரண்டிலும் முதலாளியின் செல் நம்பரைப் போட்டிருந்தால் அவையும் ஒன்றாகிவிடும். அதனால்தான் பொறுப்பு கார்டில் முதலாளியின் செல் நம்பரைப் போட வேண்டாம் என்பது. அந்த இடத்தின் லேண்ட்லைனோ, கணக்குப் பார்ப்பவரின் எண்ணோ போடுங்கள்.

தெரியாமல் அழுத்திவிட்டால் பதறாதீர்கள். கூகுள் காண்டாக்ட்ஸின் செட்டிங் சக்கரத்தில் "அன்டூ சேஞ்சஸ்" இருக்கிறது. 10 நிமிடம் முன்பு, ஒரு மணி நேரம் முன்பு, நேற்று, ஒரு வாரம் முன்பு என்று கேட்கும், 30 நாள் வரை பின்னால் போகலாம். ஆனால் அது மொத்தப் புத்தகத்தையும் அந்த நேரத்துக்குத் திருப்பிவிடும். இடையில் நீங்கள் புதிதாகச் சேர்த்தவர்களும் போய்விடுவார்கள். முதலில் இன்றைய நிலையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு பிறகு பின்னால் போங்கள்.

ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது

பல ஐடி இருக்கும் கார்டுகள் சேதமாவது பெரும்பாலும் இங்கேதான். காண்டாக்டை வெளியே எடுக்க இரண்டு வடிவம் உண்டு: சிஎஸ்வி, விகார்டு. சிஎஸ்வி என்பது அட்டவணை. எக்செலில் திறக்கலாம் என்பதால் எல்லாரும் அதையே எடுக்கிறார்கள். ஆனால் அட்டவணைக்கு இத்தனை நெடுவரிசை என்று கணக்கு உண்டு. தண்டர்பேர்டின் சிஎஸ்வி-யில் முதல் ஐடிக்கு ஒன்று, இரண்டாவது ஐடிக்கு ஒன்று, அவ்வளவுதான். மூன்றாவதும் நாலாவதும் சொல்லாமல் உதிர்ந்துவிடும். கூகுளின் சிஎஸ்வி வேறு மாதிரி. ஒரே லேபிளில் இரண்டு ஐடி இருந்தால் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு, நடுவில் முக்காற்புள்ளியை, அதாவது மேலும் கீழுமாக இரு புள்ளி கொண்ட குறியை, மூன்று முறை வைத்துப் பிரிக்கும். கூகுளே திரும்ப வாங்கும்போது அதைப் புரிந்துகொள்ளும். மற்ற புரோகிராமோ அந்தக் கட்டம் முழுவதையும் ஒரே ஐடி என்று எடுத்துக்கொள்ளும், அனுப்பினால் மடல் போகாது.

விகார்டில் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஒவ்வொரு ஐடிக்கும் தனி வரி, எத்தனை வேண்டுமானாலும் வரலாம். கூகுளிலிருந்து எடுக்கும்போது ஐஓஎஸ்-க்கு என்று குறித்திருக்கும் விகார்டைத் தேர்ந்தெடுங்கள், ஐபோன் இல்லாவிட்டாலும் அதுதான் சரி. தண்டர்பேர்டில் அட்ரஸ் புக்கின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் வடிவம் கேட்கும், அங்கேயும் விகார்டுதான்.

விகார்டிலும் ஒன்று தவறும். கூகுளில் ஐடிக்கு "பில்" என்று நீங்களே ஒரு லேபிள் வைத்திருந்தால் அது ஐடி வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரியாகப் போகும். தண்டர்பேர்டுக்கு வீடு, வேலை என்ற லேபிள்தான் தெரியும். ஐடி வந்து சேரும், "பில்" என்ற சொல் கண்ணில் படாது. எது எதற்கு என்ற விவரத்தை லேபிளை நம்பி வைக்காமல் கார்டின் பெயரிலேயே வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய ஆண்ட்ராய்டு போனிலிருந்து எடுத்த விசிஎஃப் ஃபைலை (விகார்டு ஃபைலின் பெயர் இப்படித்தான் முடியும்) நோட்பேடில் திறந்து பார்த்துப் பயந்துபோகிறவர்கள் உண்டு. தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறி, இரண்டு குறி, மறுபடி சமக்குறி, இரண்டு குறி என்று வரி முழுக்க ஓடும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. விகார்டின் பழைய 2.1 பதிப்பு தமிழை அப்படித்தான் எழுதும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஒரு பைட்டை எழுத மூன்று குறி. "குமுளி" என்பதில் மெய்யும் உயிர்க்குறியுமாக ஆறு இருப்பதால் 54 குறியாக நீளும். பெயர் நீளமானால் வரியை உடைத்து, கடைசியில் ஒரு சமக்குறி வைத்து அடுத்த வரிக்குப் போகும். இதைக் கையால் திருத்தப் போய் அந்தக் கடைசிச் சமக்குறியை அழித்தால்தான் பெயர் உண்மையிலேயே கெடும். அப்படியே கூகுள் காண்டாக்ட்ஸில் இம்போர்ட் செய்து, அங்கிருந்து புது விகார்டாக எடுத்தால் தமிழ் நேராகிவிடும்.

சிஎஸ்வி-யை எக்செலில் திறந்தே ஆக வேண்டும் என்றால் ஃபைலை டபுள் கிளிக் செய்யாதீர்கள். தமிழ்ப் பெயரெல்லாம் கிறுக்கலாகும். அதோடு நாட்டுக் குறியீட்டோடு இடைவெளியில்லாமல் எழுதிய செல் நம்பரை எக்செல் எண் என்று நினைத்து 9.19 என்று சுருக்கிக் காட்டும். அதே நிலையில் சேவ் செய்தால் சிஎஸ்வி-யில் போவது அந்தச் சுருக்கம்தான், நம்பர் திரும்பக் கிடைக்காது. காலி எக்செலைத் திறந்து, டேட்டா பகுதியில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி-யிலிருந்து எடு என்று கொடுத்து, எழுத்து வகையாக 65001 யூடிஎஃப்-8 தேர்ந்து, போன் நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என்று குறித்துக்கொண்டு உள்ளே வாங்குங்கள். திரும்ப சேவ் செய்யும்போதும் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

மொத்தத்தையும் மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை கார்டு போடுங்கள். தமிழ்ப் பெயர், மூன்று ஐடி, இரண்டு போன், ஒரு குறிப்பு. அதை மட்டும் எடுத்து, புது இடத்தில் இறக்கி, மூன்று ஐடியும் வந்ததா, டீஃபால்ட் அதேதானா, குறிப்பு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக வந்தால் மற்ற 800-ஐயும் மாற்றலாம். முன்னும் பின்னும் மொத்தக் கார்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளவும்.

ஃபில்டருக்கு கார்டு தெரியாது

கார்டில் நாலு ஐடியை ஒழுங்காக வைத்ததால் ஃபில்டரும் ஒழுங்காகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். "இவரிடமிருந்து வந்தால் இந்த ஃபோல்டருக்குப் போ" என்று முகவரியைக் கொடுத்து எழுதிய ஃபில்டருக்கு அந்த ஒரு ஐடிதான் தெரியும். ஜிமெயிலில் ஃப்ரம் கட்டத்தில் எல்லா ஐடிகளையும் எழுதி, இடையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஓ, ஆர் போட வேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் வேலை செய்யாது. தண்டர்பேர்டில் ஒவ்வொரு ஐடிக்கும் ஒரு வரி சேர்த்து, மேலே "ஏதாவது ஒன்று பொருந்தினால்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "எல்லாம் பொருந்தினால்" என்று இருந்தால் ஒரு மடலும் நகராது, ஏனென்றால் எந்த மடலும் ஒரே நேரத்தில் நாலு ஐடியிலிருந்து வராது. பழைய மடலைத் தேடும்போதும் இப்படித்தான். ஓர் ஐடியைக் கொடுத்துத் தேடிவிட்டு, "அவர் அனுப்பவே இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம்.

"எங்கள் ஐடி மாறிவிட்டது" என்று மடல் வந்தால்

இதில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. ஒருவருக்கு நாலு ஐடி இருப்பது நமக்குப் பழகிப்போனதால், அஞ்சாவது ஐடியிலிருந்து அவர் பெயரில் மடல் வந்தாலும் சந்தேகம் வருவதில்லை. ஏமாற்றுபவர்கள் நுழைவது அந்த வழியில்தான். முதல் மடலில் ஐடி மாறிவிட்டது என்பார்கள், அடுத்த மடலில் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது என்பார்கள். மடலில் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு எந்தச் சோதனையும் இல்லை. ரிப்ளை-டூ என்று ஒரு வரி இருந்தால், ஒரு ஐடியிலிருந்து வந்த மடலுக்கு நீங்கள் ரிப்ளை அடித்தது வேறொரு ஐடிக்குப் போகும்.

புது ஐடியைக் கார்டில் ஏற்றும் முன், கார்டில் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குப் போன் செய்யுங்கள். மடலின் அடியில் இருக்கும் நம்பருக்குச் செய்யாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும், சைபர் மோசடிக்கு நாடு முழுவதும் அந்த எண்தான். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் அதேதான்.

செத்துப்போன ஐடிகள்

மடல் திரும்பி வந்தால் அதில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 550 5.1.1 என்றால் அப்படி ஒரு பெட்டியே இல்லை. கார்டிலிருந்தும் ஞாபகத்திலிருந்தும் லிஸ்டிலிருந்தும் நீக்கலாம். 4.2.2 அல்லது 5.2.2 என்றால் பெட்டி நிரம்பியிருக்கிறது, ஐடி உயிரோடுதான் இருக்கிறது. நீக்காமல் ஆளுக்குப் போன் செய்யுங்கள். இரண்டு வருடம் திறக்காத தனிநபர் கூகுள் கணக்குகளை மூடுவது என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. ஆகவே யாரும் தொடாத ஜிமெயில்கள் இனி அடிக்கடி திரும்பி வரும். திரும்பி வராத பழைய ஐடிதான் அதைவிடக் கவலை. 2013-இல் யாகூ, நெடுநாள் பயன்படுத்தாத ஐடிகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. சொந்த டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டாலும் அதை வேறொருவர் வாங்கிவிடலாம். பிறகு நீங்கள் அனுப்பும் பில் முன்பின் தெரியாதவர் பெட்டியில் போய் விழும், அது திரும்பியும் வராது.

அதனால் ஒவ்வொரு கார்டின் குறிப்பிலும் கடைசியாக எந்த மாதம் சரிபார்த்தது என்று ஒரு வரி இருக்கட்டும். ஒரு வருடம் தாண்டியிருந்தால் அடுத்த முறை சரக்கு விஷயமாகப் பேசும்போதே கேட்டுவிடலாம்: "அண்ணே, பழைய ஐடியை இப்பவும் திறக்குறீங்களா? போடி பில்லை யாரு பாக்குறாங்க?" மேலே என்றால் சேட்டா என்று கூப்பிட்டு அதே கேள்வி. சொல்கிற பதிலை அப்போதே எழுதி, அந்த ஐடிக்கு வெறும் ஒரு வரி மடல் அனுப்பி, வந்ததா என்று லைனில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.